மூலைக்கு மூலை ஓடவைக்கும் எதிராளியைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி: டேபிள் டென்னிஸில் எதிராளி ஒரு பந்தை என் ஃபோர்ஹேண்ட் மூலைக்கும் அடுத்ததைப் பேக்ஹேண்ட் மூலைக்கும் மாற்றி மாற்றி அனுப்பும்போது, மூன்றாவது பந்துக்குள் நிலைகுலைந்து புள்ளியை இழந்துவிடுகிறேன். நான் வலக்கை ஆட்டக்காரன்; ஃபோர்ஹேண்ட் எனக்கு வலப்பக்கம், பேக்ஹேண்ட் இடப்பக்கம். கால் வேகத்தைக் கூட்டினால் போதுமா?

பதில்: கால் வேகம் தேவைதான். ஆனால், அதற்கு முன் நீங்கள் அனுப்பும் பந்து எங்கே விழுகிறது என்பதைக் கவனியுங்கள். உங்களை ஓடவைக்கும் கோணத்தைப் பெரும்பாலும் நீங்களே அவருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

மேசையின் நீளம் 274 செ.மீ., அகலம் 152.5 செ.மீ. எதிராளி தம் மூலையிலிருந்து குறுக்கே உங்கள் மூலைக்கு அடிக்கும் பந்து, மேசையைத் தாண்டி 1 மீட்டர் பின்னால் வருவதற்குள் பக்கக் கோட்டை விட்டு ஏறத்தாழ 55 செ.மீ. வெளியே விலகிவிடும். அவரே மேசையின் நடுவிலிருந்து அதே மூலைக்கு அடித்தால் அந்த விலகல் ஏறத்தாழ 28 செ.மீ. மட்டுமே. எனவே, நெருக்கடியில் உங்கள் பந்து நடுப்பகுதிக்கு, முடிந்தால் அவர் மட்டை பிடித்த கையின் முழங்கைக்கு நேராக, மேசையின் பின்விளிம்பை ஒட்டி ஆழமாகப் போகட்டும். ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று அவர் முடிவெடுக்கத் தடுமாறும் இடம் அது. அங்கிருந்து கூர்மையான கோணமும் எளிதில் கிடைக்காது. நெருக்கடியில் நீங்கள் உடனே பின்வாங்குவது இயல்பு என்றாலும், மேற்சொன்ன கணக்கின்படி ஒவ்வோர் அடி பின்னால் போகும்போதும் நீங்கள் காக்க வேண்டிய அகலம் கூடிக்கொண்டே போகிறது.

ஃபோர்ஹேண்ட் பக்கம் வெகுதூரம் இழுக்கப்பட்ட நிலையில் பலர் நேர்கோட்டில் அடித்துத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். நேர்கோட்டுப் பாதை, மூலைக்கு மூலை செல்லும் பாதையைவிட ஏறத்தாழ 40 செ.மீ. குறைவு என்பதால் பந்து விரைவாக அவரை அடைகிறது. வலக்கை எதிராளியாக இருந்தால், அவர் அதைப் பேக்ஹேண்டால் குறுக்கே திருப்பி, நீங்கள் விட்டுவந்த மூலையில் போட்டுவிடுவார். பந்தை நிச்சயமாக முடிக்க முடியும் என்ற நிலையில் மட்டுமே நேர்கோட்டு அடியைத் தேர்ந்தெடுங்கள். மற்ற வேளைகளில், வேகம் குறைந்த, சுழற்சி மிகுந்த டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும் பந்து) ஒன்றைக் குறுக்கேயோ நடுவிலோ அனுப்பி, திரும்பி நிற்பதற்கான நேரத்தைச் சம்பாதியுங்கள்.

எங்கே திரும்பி நிற்பது என்பதிலும் தெளிவு வேண்டும். ஒவ்வொரு முறையும் மேசையின் நடுவுக்கே ஓடி வருவது தவறு. எதிராளி பந்தைத் தொடப்போகும் இடத்திலிருந்து அவரால் அடிக்கக்கூடிய இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட கோணத்தின் நடுவே நிற்க வேண்டும். ஃபோர்ஹேண்டின் எட்டும் தூரம் அதிகம் என்பதால், வலக்கையர் அந்த நடுவிலிருந்தும் சற்று இடப்புறமாக நிற்பது நல்லது. அவர் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் உங்கள் இரு கால்களும் சிறு துள்ளலோடு தரையில் பதிந்து, முழங்கால்கள் மடங்கி, எடை முன்பாதங்களில் இருக்கட்டும். அந்தத் துள்ளல் இல்லாதவர்களுக்கே பந்து வேகமாக வருவதாகத் தோன்றுகிறது. பக்கவாட்டில் நகர, செல்லும் திசைக்கு எதிர்ப்புறக் காலால் உந்தி, கால்களைக் குறுக்கிடாமல் நகருங்கள். மிகத் தொலைவான பந்துக்கு மட்டும் ஒரு காலை மற்றதன் குறுக்கே எடுத்து வையுங்கள்.

மேசை முழுவதையும் ஃபோர்ஹேண்டாலேயே காக்க முயல வேண்டாம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற தென்கொரியாவின் ரியூ சுங்-மின் அப்படி ஆடியவர். அதற்கு அசாதாரணக் கால்வலு வேண்டும்.

பயிற்சிக்கு, ஸ்வீடன் நகரின் பெயர் தாங்கிய ஃபால்கென்பெர்க் பயிற்சியையே முதலில் பரிந்துரைப்பேன்: பேக்ஹேண்ட் மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அதே மூலையில் சுற்றி வந்து ஒரு ஃபோர்ஹேண்ட், பிறகு எதிர்மூலைக்கு நகர்ந்து ஒரு ஃபோர்ஹேண்ட். இது தடுமாற்றமின்றி வந்தபின், மூன்றாவது பந்து எந்தப் பக்கம் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பும்படி துணை ஆட்டக்காரரிடம் கேளுங்கள். நீங்கள் எங்கே இழுக்கப்பட்டாலும், உங்கள் பந்து ஒவ்வொன்றும் அவருடைய முழங்கையை நோக்கியே போக வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆடுங்கள்.