மீன் தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர்?

கேள்வி: எங்கள் மீன் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 8 மி.மீ. கண்ணாடி. 25 கிலோ கூழாங்கல்லும் 10 கிலோ பாறையும் போட்டிருக்கிறோம். விளிம்புக்கு 5 செ.மீ. கீழே தண்ணீர் நிற்கிறது. கடைக்காரர் 200 லிட்டர் தொட்டி என்றார். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்திருப்பதால் மருந்து ஊற்ற வேண்டும். 200 லிட்டர் கணக்கில் ஊற்றலாமா? (வாசகர், தக்கலை)

பதில்: வேண்டாம். உங்கள் தொட்டியில் சுமார் 145 லிட்டர்தான் இருக்கிறது.

கடைக்காரர் சொன்னது வெளி அளவு. அதுவும் 191 லிட்டர்தான், 200 ஆக்கியது அவர் தாராளம். டேப்பை உள்பக்கமாகப் பிடியுங்கள்: நீளம் 89.8, அகலம் 44.1 செ.மீ. வரும். தண்ணீரின் உயரத்தைக் கல்லின் மேலிருந்து எடுக்காமல் அடிக்கண்ணாடியிலிருந்து எடுங்கள், 40 செ.மீ. வரும். மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 158 லிட்டர்.

இனி கல். பலர் கல் நிரம்பிய உயரம் முழுவதையும் கழித்துவிடுகிறார்கள். கூழாங்கற்களின் இடுக்குகளிலும் தண்ணீர் நிற்கிறது, மருந்து அங்கேயும் போகும். எடையை வைத்துக் கணக்குப் போடுவதே நல்லது. சாதாரணக் கல் ஒரு லிட்டர் இடத்துக்குச் சுமார் 2.6 கிலோ எடை இருக்கும். உங்கள் 35 கிலோவை 2.6-ஆல் வகுத்தால் 13 லிட்டருக்குச் சற்று மேல். அதைக் கழித்தால் 145. எடை தெரியாதவர்கள் கல் நிரம்பிய இடத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தைக் கழிக்கலாம்.

குழித்துறை ஆற்றுக் கல்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலுக்குப் பொருந்தாது. அதிலுள்ள இல்மனைட் என்ற கனிமம் லிட்டருக்கு 4.5 கிலோவுக்கு மேல் கனக்கும். கணக்கு கிடக்கட்டும், அந்த மணலைத் தொட்டியில் போடவே வேண்டாம்: கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமமும் அதில் இருக்கிறது. சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணலும் தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும்.

டேப்பில் சந்தேகம் இருந்தால் வாளியை எடுங்கள். தண்ணீர் மட்டத்தில் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவிட்டு, அளவு குறித்த வாளியில் 20 லிட்டர் வெளியே எடுங்கள். மட்டம் 5 செ.மீ. இறங்கினால் உங்கள் நீள அகலம் சரி, ஒரு செ.மீ.க்கு 4 லிட்டர். நீர்மட்டத்தை ஒட்டிப் பாறை நீட்டிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும்.

200 லிட்டர் கணக்கில் ஊற்றினால் தேவைக்கு மேல் 38 சதவீதம் கூடுதல் மருந்து விழும். மாலகைட் கிரீன் கலந்த மருந்தென்றால், செதில் இல்லாத கெளுத்தி வகைகள் அதைத் தாங்குவது கடினம். வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் இருந்தால் அதில் நிற்கும் தண்ணீரையும் 145-உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். இடையில் தண்ணீர் மாற்றினால், மாற்றிய லிட்டருக்கு மட்டும் மருந்து சேர்த்தால் போதும்.