ஒரே டிஸ்க்கில் ஆறு ரஷ்ய பாலே: வாங்கலாமா?

கேள்வி: ஸ்வான் லேக், நட்கிராக்கர் எல்லாம் பார்த்தாயிற்று. 'பிரைட் ஸ்ட்ரீம்', 'ஃப்ளேம்ஸ் ஆஃப் பாரிஸ்', 'கோல்டன் ஏஜ்' போன்ற அதிகம் பேசப்படாத ரஷ்ய பாலேக்களை வீட்டில் பார்க்க ஆசை. ஆன்லைனில் ஒருவர் ஆறு பாலேக்களை ஒரே டிவிடியில் தருகிறார். 'அசல் ரஷ்யப் பதிப்பு, பிரைட் ஸ்ட்ரீம் 1935 நடனம்' என்று போட்டிருக்கிறார். ரஷ்ய டிஸ்க் சாதாரண பிளேயரில் ஓடாது, எல்லா நாட்டு டிஸ்க்கையும் ஓட்டும் 'மல்டி ரீஜன்' பிளேயரும் தன்னிடமே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: டிஸ்க்கையும் வாங்காதீர்கள், பிளேயரையும் வாங்காதீர்கள்.

முதலில் பிளேயர். டிவிடிக்காக உலகை ஆறு மண்டலங்களாகப் (ரீஜன்) பிரித்திருக்கிறார்கள்; ஒரு மண்டலத்துக்குப் பூட்டிய டிஸ்க் வேறு மண்டலத்து பிளேயரில் ஓடாது. இந்தியா, இலங்கை, ரஷ்யா மூன்றும் ஒரே ஐந்தாம் மண்டலத்தில் இருக்கின்றன. ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என மூன்று மண்டலங்கள். அதிலும் இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்தே 'சி'யில் வருகின்றன. எனவே இந்தியாவில் வாங்கிய பிளேயர் ரஷ்ய டிஸ்க்கை மண்டலத்தைக் காட்டி மறுக்க வழியே இல்லை. சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு டிவிடி மண்டலம் 3 என்பதால் அவர்கள் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று: நீங்கள் கேட்கும் பாலேக்களின் நல்ல பதிவுகள் பெரும்பாலும் ரஷ்யாவில் வெளியானவையே அல்ல. பாரிஸில் இருக்கும் பெல் ஏர் கிளாசிக் நிறுவனம் வெளியிட்டவை. இவ்வகை டிஸ்க்குகளில் அநேகமாக மண்டலப் பூட்டே இருக்காது. பூகோள உருண்டைப் படத்துக்குள் 0 அல்லது 'ஆல்' என்று போட்டிருக்கும். பால் (PAL), என்.டி.எஸ்.சி. (NTSC) என்ற வீடியோ முறைகள் வேறு சங்கதி. நம் பிளேயர்கள் இரண்டையும் ஓட்டும்.

கணினியில் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை மொத்தமே ஐந்து தடவைதான் மாற்றலாம். அமெரிக்க டிஸ்க்குக்காக ஒரு தடவை, திரும்ப நம் மண்டலத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு போய்விடும். ஐந்தாவது மாற்றத்தில் எந்த மண்டலம் இருக்கிறதோ அதிலேயே டிரைவ் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் திறக்காது, ஏனென்றால் கணக்கு டிரைவின் உள்ளேயே எழுதப்படுகிறது. ஆகவே 'மண்டலத்தை மாற்றவா' என்று திரை கேட்டால் யோசிக்காமல் 'சரி' அழுத்த வேண்டாம், முதலில் வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள், பல டிரைவ்களில் மாற்றாமலே ஓடிவிடும். காசு கொடுத்து வாங்கியவருக்கு இத்தனை பூட்டு. வெற்று டிஸ்க்கில் கள்ள நகல் எழுதி, அதாவது 'எரித்து', விற்பவரின் டிஸ்க்கில் ஒரு பூட்டும் கிடையாது!

அடுத்து 'ஆறு பாலே, ஒரே டிஸ்க்'. முழுநீள பாலே ஒன்று சுமாராக நூறு நிமிடம் என்று வைத்தால் ஆறுக்கும் பத்து மணி நேரம். எரிக்கும் டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. வகுத்துப் பார்த்தால் ஒரு விநாடிப் படத்துக்கு ஒரு மெகாபிட் தரவுதான் தேறும். ஒழுங்கான பாலே டிவிடி 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க்கில் வரும்; விநாடிக்கு ஐந்தாறு மெகாபிட் செலவழிக்கும். தனியாள் ஆடும்போது வித்தியாசம் அவ்வளவு தெரியாது. முப்பது பேர் ஒன்றாகத் திரும்பும்போதுதான் படம் கட்டம் கட்டமாக உடையும், பாதங்கள் கரைந்துபோகும். பாதம் தெரியாமல் பாலே எதற்கு? டிஸ்க் கைக்கு வந்ததும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளியோ இளம்பொன்னோ என்றால் ஆலையில் அச்சிட்டது. ஊதாச் சாயல் அடித்தால் யாரோ வீட்டில் எரித்தது; உடனே திருப்பி அனுப்புங்கள்.

'1935 நடனம்' என்பது சுத்தப் பொய். ஷோஸ்தகோவிச் இசையமைத்து லொபுகோவ் நடனம் அமைத்த பிரைட் ஸ்ட்ரீம் 1935-ல் அரங்கேறியது. 1936 பிப்ரவரியில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழ் 'பிராவ்தா' தாக்கி எழுதியதோடு மேடையிலிருந்து போய்விட்டது. லொபுகோவின் நடன அமைப்பும் தொலைந்துவிட்டது. இன்று கிடைப்பது 2003-ல் மாஸ்கோவின் பல்ஷோய் அரங்குக்காக நடன அமைப்பாளர் ரட்மான்ஸ்கி புதிதாக அமைத்தது, 2012-ல் பதிவானது. அதையே கேட்டு வாங்குங்கள்.

ஃப்ளேம்ஸ் ஆஃப் பாரிஸில் வேறு மாதிரி ஏமாற்று. 1953-ல் லென்ஃபில்ம் என்ற சோவியத் பட நிறுவனம் எடுத்த படம் ஒன்றில் மூன்று பாலேக்களின் பகுதிகள் இருக்கின்றன, அதில் இதுவும் ஒன்று. அதை வெட்டி 'முழு பாலே' என்று விற்கிறார்கள். முழுசாக வேண்டுமென்றால் ரட்மான்ஸ்கியின் 2008 தயாரிப்பு, ஓசிபோவாவும் வசீலியெவும் ஆடியது. கோல்டன் ஏஜ் 1930-ல் வந்தது, ஆனால் டிஸ்க்கில் கிடைப்பது நடன அமைப்பாளர் கிரிகோரோவிச்சின் 1982 வடிவம். முதல் கதையில் வரும் கால்பந்து அணியை இதில் தேடாதீர்கள்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஐந்து விவரம் கேளுங்கள்: நடன அமைப்பாளர், அரங்கு, பதிவான ஆண்டு, ஓடும் நேரம், பின்னட்டை பார்கோடு எண். அந்த எண்ணை இணையத்தில் தேடினால் அசல் அட்டை வந்துவிடும். 'அட்டை இல்லை, டிஸ்க் மட்டும்' என்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. 'ஆங்கில சப்டைட்டில் பதிப்பு' என்று கூடுதலாகக் கேட்பவரையும் விட்டுவிடுங்கள். பாலேயில் யாரும் பேசுவதில்லை!

அசல் டிஸ்க் தட்டுப்பாடு என்பது உண்மைதான். 2022-ல் பல்ஷோயின் வெளிநாட்டுத் திரையரங்கு ஒளிபரப்புகள் நின்றுவிட்டன, புதுப் பதிவுகள் வெளியே வருவது அரிதாகிவிட்டது. பழையதை மறுபதிப்பு போட உரிமைக்காரர்களுக்கு மனசில்லை, ஸ்ட்ரீமிங்கிலும் பாதி நாடுகளுக்கு அடைத்து வைக்கிறார்கள். எரித்து விற்பவர்களை வளர்ப்பதே இதுதான். சோவியத் காலத் திரைப்பட பாலேக்களுக்கு மட்டும் மோஸ்ஃபில்ம் என்ற ரஷ்யப் பட நிறுவனத்தின் சொந்த யூடியூப் சேனலை முதலில் பாருங்கள். ரஷ்ய எழுத்தில் தேடினால்தான் அகப்படும். விக்கிபீடியா பக்கத்தின் முதல் வரியில் இருக்கும் ரஷ்யப் பெயரை நகலெடுத்து ஒட்டுங்கள்.

டிவியில் மூன்று மாற்றம் செய்யுங்கள். பழைய பதிவுகள் 4:3 வடிவம், அப்படியே விடுங்கள். 'ஜூம்' போட்டால் பாதம் போகும், இழுத்தால் ஆடுபவர்கள் குண்டாவார்கள். 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' போட்டால் ஓரம் வெட்டுப்படாது. ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்ற பெயரில் இருக்கும், அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள், அது சுழலும் கால்களைச் சுற்றி ஒளிவட்டம் போடும். கணினியில் சீப்புப்பல் போல் கோடு தெரிந்தால் வி.எல்.சி.யில் 'டி' விசையை அழுத்துங்கள்.

பார்ப்பதற்கு முன் டிஸ்க்குடன் வரும் கையேட்டில் கதைச் சுருக்கத்தைப் படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிரைட் ஸ்ட்ரீமில், தெற்கு ரஷ்யாவின் குபான் பகுதிக் கூட்டுப் பண்ணையின் நடுவே ஓர் ஆண் கலைஞர் நீண்ட வெள்ளை டுட்டு (பாலே பாவாடை) உடுத்திப் பெண்போல் வந்து நிற்கும்போது விழிக்க வேண்டியிருக்கும்.