தனியாகப் பயணம் போனபோது ஒரு திமிங்கலத்தைப் பார்த்து, அதோடு ஏதோ ஆன்மிகத் தொடர்பு இருப்பதாக உணர்ந்தேன். இது பிரமையா? வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

எனக்கு ஆகியிருக்கிறது. 2019 பிப்ரவரியில், இலங்கையின் தெற்குக் கரையில் மிரிஸ்ஸ என்கிற ஊரில். இத்தனை வருடத்தில் வீட்டில்கூட நான் இதை முழுதாகச் சொன்னதில்லை. உங்கள் கேள்வியில் 'பிரமையா' என்ற சொல்லைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல்லை நீங்களாகப் போட்டிருக்க மாட்டீர்கள். பக்கத்தில் இருக்கும் யாரோ உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தனியாகக் கிளம்பிப் போனதற்கும் ஏதோ காரணம் இருந்திருக்கும். எனக்கு இருந்தது.

சில விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வந்து கேட்பார்கள். நான் எந்த ஆசிரமத்துக்கும் போகிறவன் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதோடு சரி. படகில் வாந்தி வராமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள், அதையும் நான் போடவில்லை. இஞ்சித் துண்டைத்தான் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். அதனால் மாத்திரை மயக்கம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. எங்கள் பக்கம் மழை குறைவு. நிலம் என்றால் பெரும்பாலும் கொறங்காடுதான். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாடு மேய்வதற்கென்றே விட்ட காடு. கடலை நான் முதன்முதலில் பார்த்ததே பத்தாவது படிக்கும்போது, திருச்செந்தூரில்.

மாடு கட்டுகிற இடத்தைக் கட்டுத்தரை என்போம். எங்கள் கட்டுத்தரையில் எப்போதும் ஐந்தாறு காங்கேயம் மாடு நிற்கும். சின்ன வயதில் வெயில் காலம் முழுக்க அப்பாருவோடு (தாத்தாவோடு) கட்டுத்தரை ஓரமாகக் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொள்வேன். நடுராத்திரியில் மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு நீளமாக ஒரு மூச்சு விடும். கேட்டவர்களுக்குத் தெரியும். அத்தனை பெரிய உடம்புக்குள் இருந்ததெல்லாம் மொத்தமாக வெளியே வருகிற மாதிரி இருக்கும். கட்டில் பக்கமாகத் தலை இருந்தால் அந்த மூச்சு முகத்திலேயே படும். ஈரமும் சூடும், சோளத்தட்டு வாசனையும். பயந்து முழித்த ராத்திரிகளில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், மறுபடி தூங்கிவிடுவேன்.

2017 வறட்சி எங்கள் பக்கம் யாருக்கும் மறக்காது. ஆயிரம் அடிக்கு மேல் போர்வெல் போட்டும் புகைதான் வந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அப்பா மாடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கடைசியில் ஒரு மயிலைப் பசு மட்டும் இருந்தது. அதன் தாய், தாயின் தாய் எல்லாமே எங்கள் கட்டுத்தரையில் பிறந்தவை. அதையும் சித்திரையில் கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு ஓட்டினார். அன்றைக்கு ஷிப்மெண்ட் இருக்கிறது என்று சொல்லி நான் ஊருக்குப் போகவில்லை. ஷிப்மெண்ட் இருந்தது உண்மை. ஆனாலும் போயிருக்கலாம். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடம் ஐப்பசியில் அவரும் போய்விட்டார்.

அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் கொழும்பு போனேன். பட்டன், லேபிள் வாங்குகிற விஷயமாக இரண்டு நாள் வேலை. வருடத் திதிகூட ஆகவில்லை, அதற்குள் கடல் கடந்து போகிறானே என்று உறவில் பேசினார்கள். வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. மறுநாள் என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டை ரயில் நிலையத்தில் மாத்தறை வண்டி ஏறினேன். தண்டவாளம் கடலை ஒட்டியே போகும். ஜன்னலில் உட்கார்ந்து காலி வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டே போனேன். வெலிகமவில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். திமிங்கலம் பார்க்க வேண்டும் என்றெல்லாம் திட்டம் எதுவும் இல்லை. தங்கின இடத்தில் காலையில் படகு போகிறது, வருகிறீர்களா என்று கேட்டார்கள், சரி என்றேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். அந்தப் பக்கத்தில் கரையில் இருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. அதனால்தான் நீலத் திமிங்கலம் கரைக்கு அவ்வளவு பக்கத்தில் வருகிறது. நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை அங்கே பார்க்கலாம். மற்ற கடல்களில் இருக்கிற நீலத் திமிங்கலங்களில் பெரும்பாலானவை இரைக்காகத் துருவப் பக்கத்துக் குளிர்ந்த கடல்களுக்குப் போகும். இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் இருக்கிறவை அப்படிப் போவதில்லை, வருடம் முழுக்க இந்த வெப்பக் கடலிலேயே இருந்துவிடுகின்றன. இலங்கையைச் சேர்ந்த ஆஷா டி வோஸ் என்கிற கடல் ஆய்வாளர் இவற்றின் பின்னாலேயே பல வருடமாக இருக்கிறார்.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எஞ்சினை அணைத்தார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் முதலில் கேட்கத்தான் கேட்டேன். பின்னால் இருந்து ஒரு மூச்சு. எந்த உடம்பில் இருந்து அந்தச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். திரும்புவதற்கு முன்னாலேயே தெரியும். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த ஒரு நொடி நான் கடலில் இல்லை, கயிற்றுக் கட்டிலில் இருந்தேன்.

திரும்பினேன். மூச்சின் ஈரம் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே நின்று காற்றில் கலைந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே முதுகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் வந்தது, கடைசியில் சின்னதாக ஒரு துடுப்பு. நீலத் திமிங்கலம் என்று பெயர்தானே தவிர, தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் அது நீலம். மேலே வந்த பிறகு சாம்பலும் வெளுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த நிறம். எங்கள் ஊரில் அந்த நிறத்துக்குப் பெயர் இருக்கிறது. மயிலை.

அழுதேன். மறைக்கவும் முயற்சி செய்யவில்லை. அப்பா காரியத்தில்கூட அப்படி அழவில்லை. நாலைந்து தடவை மூச்சு விட்டுவிட்டு, வாலைத் தூக்கி, அவசரமே இல்லாமல் உள்ளே இறங்கியது. அது இறங்கின இடத்தில் எண்ணெய் ஊற்றினது போல வழவழவென்று ஒரு வட்டம் நின்றது. சுற்றிலும் அலை அடிக்கிறது, அந்த வட்டத்துக்குள் மட்டும் அலை இல்லை. மாடு எழுந்து போன பிறகு அது படுத்திருந்த இடம் தனியாகத் தெரியுமே, தொட்டால் சூடாக இருக்குமே, அதுபோல. அந்த வட்டம் கலைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும், நல்லதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அடுத்த தடவை அது மேலே வந்தபோது எட்டுப் படகு சுற்றிக்கொண்டன. எங்கள் படகும் அதில் ஒன்று. மூச்சு விட வந்த உயிரை மூச்சு விடவிடாமல் துரத்துகிறோமே என்று தோன்றியது. பக்கத்தில் போக வேண்டாம் என்று சைகை காட்டினேன், யாரும் கேட்கவில்லை. அந்தக் கடல் வழியாகத்தான் பெரிய கப்பல்களும் வரிசையாகப் போகின்றன. கப்பல் மோதி அங்கே திமிங்கலங்கள் சாவது நடக்கிற விஷயம். இனிமேல் போவதென்றால் தூரத்தில் நிறுத்துகிற படகாகக் கேட்டுப் போங்கள்.

ஊருக்கு வந்த பிறகு திமிங்கலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்போதுதான் என் உடம்புக்கு முன்பே தெரிந்திருந்த விஷயம் புத்தகத்தில் வந்தது. திமிங்கலம் மாட்டுக்குச் சொந்தம். பேச்சுக்குச் சொல்லவில்லை. மாடு, மான், நீர்யானை எல்லாம் இருக்கிற இரட்டைக் குளம்பு வம்சத்தில்தான் விஞ்ஞானிகள் திமிங்கலத்தையும் வைத்திருக்கிறார்கள். ரங்கா ராவ் என்ற நம் நாட்டுப் புவியியலாளர் காஷ்மீரில் எடுத்து வைத்திருந்த பாறைகளுக்குள் இருந்த எலும்புகளை ஆராய்ந்து, தெவிசன் என்பவரின் குழு 2007இல் வெளியிட்டது. பூனை அளவில், மான் சாயலில், குளம்போடு தண்ணீர் ஓரமாக வாழ்ந்த ஒரு பிராணி. சுமார் 4.8 கோடி வருடத்துக்கு முந்தியது. திமிங்கலத்துக்கு மிக நெருங்கின பங்காளி என்று அதைச் சொல்கிறார்கள். இன்றைக்கும் திமிங்கலத்தின் இரைப்பை மாட்டுக்கு இருப்பது போல அறை அறையாகத்தான் இருக்கிறது. மீன் வாலை இடமும் வலமுமாக ஆட்டி நீந்தும். திமிங்கலம் மேலும் கீழுமாக அடிக்கும். நாலு கால் பாலூட்டி ஓடும்போது முதுகு வளைந்து நிமிருமே, அதே அசைவு கடலுக்குள் போன பிறகும் மாறவில்லை.

அம்மாவிடம் இதை மட்டும் சொன்னேன். கன்று போடுமா, பால் கொடுக்குமா என்று கேட்டார். ஒரு கன்றுதான் போடும், கன்று பாலிலேயே ஒரு நாளைக்கு 90 கிலோ ஏறும் என்றேன். பால் சொசைட்டியில் கொழுப்பு குறைந்தால் விலை குறைப்பார்கள், அதனால் பால் என்றாலே அம்மாவுக்குக் கொழுப்புக் கணக்குதான். திமிங்கலப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 35க்கு மேல் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூக்கணாங்கயிறு போட ஆளில்லாத மாடு, நல்லா இருக்கட்டும் கண்ணு" என்றார்.

இனி, பிரமை என்று சொல்கிறவர்களுக்கு. அந்தத் திமிங்கலம் உன்னைப் பார்க்கவே இல்லையே, அப்புறம் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். பார்க்கவில்லைதான். எனக்கு எந்தச் செய்தியும் அது சொல்லவில்லை. சொன்னது என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் அப்பா படத்துக்கு முன்னால் நிற்கிறேன், படம் என்னைப் பார்க்கிறதா? குலதெய்வக் கோயிலில் கல் திரும்பிப் பார்க்கிறதா? அங்கே யாரும் பிரமை என்று சொல்வதில்லையே. நான் ஒரு சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டேன். ஐந்து கோடி வருடத்துக்கும் முன்னால் பிரிந்த பங்காளிகள் ஒரே மாதிரி மூச்சு விடுகிறார்கள், அதைக் கேட்க நான் அங்கே இருந்தேன். இதற்கு ஆன்மிகம் என்று பெயர் வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி.

உறவில் ஒருவர், கறி தின்கிறவன் திமிங்கலத்துக்கு அழுகிறானாம் என்று விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவில் சொன்னார். ஆடு வளர்க்கிறவனுக்கு அழத் தெரியாது என்று இவர்களுக்கு யார் சொன்னது? போன வருடம் ஒரே ராத்திரியில் எங்கள் பட்டிக்குள் தெருநாய்கள் புகுந்து ஏழு செம்மறியைக் குதறிப் போட்டன. இரண்டு சினை ஆடு. எங்கள் பகுதி முழுக்க இதே கதைதான், கிடை போட்டவன் எவனும் நிம்மதியாகத் தூங்குவதில்லை.   அம்மா அந்த ஏழு ஆட்டையும் பெயர் சொல்லி அழுதார். அங்கே அழுவதும் கடலில் அழுவதும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றவில்லை.  

இன்னொன்றும் இருக்கிறது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரை ஒதுங்கியது ஞாபகம் இருக்கலாம். பைலட் திமிங்கலம் என்று சொல்கிற, கூட்டமாகவே வாழ்கிற சாதி. 1973லும் அதே கரையில் அப்படி ஒதுங்கியிருக்கின்றன. மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி உள்ளே தள்ளிவிட்டார்கள், தள்ளிவிட்டதில் சில மறுபடி கரைக்கே வந்தன. அந்தப் பொங்கல் சமயத்தில் அப்பாவும் நானும் டிவியில் பார்த்தோம். வழி தெரியாமல் வருகின்றன போல என்றேன். அப்பா கண்ணை எடுக்காமலே, "வழி தெரியாம வரல. கூட வந்தது இங்க கெடக்குதில்ல, அதா வருது" என்றார். மூன்று வருடம் கழித்துப் படகில் நின்றபோது எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது. சந்தைக்கு மாட்டை ஓட்டின அன்று நான் கூட நிற்காததும்.

2021இல் பழையகோட்டை சந்தையில் ஒரு கிடாரிக் கன்று வாங்கினேன். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக, அதாவது சிவப்பாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும். இப்போது முழு மயிலை. சனிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போனால் என் கட்டில் கட்டுத்தரை ஓரம்தான்.

உங்கள் திமிங்கலத்தை எந்தக் கடலில் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்தால் எழுதுங்கள். எஞ்சின் அணைந்திருந்ததா, அதன் மூச்சு உங்களுக்குக் கேட்டதா என்பதையும்.