முதல் ஞாயிறும் ஐந்தாவது வாரமும்

அன்புள்ள ஐயா,

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முடிவில் ஹாலிவுட்டின் கோடைக்காலப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதும் முன்பார்வையைத் தவறாமல் வாசிப்பவன் நான். இந்த முறை வாசித்தபோது சலிப்பாக இருந்தது. இன்னும் யாருமே பார்க்காத படங்களை வரிசையாக வைத்து, இது இவ்வளவு வசூலிக்கும், இது விழும் என்று எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? ‘யாருக்கும் எதுவும் தெரியாது’ என்று திரைக்கதை ஆசிரியர் வில்லியம் கோல்ட்மன் 1983-லேயே எழுதிவிட்டார். 2025-ல் ‘எலியோ’ என்ற அனிமேஷன் படம் நின்று ஓடும் என்றீர்கள். நானும் என் ஒன்பது வயது மகளும் முதல் வாரமே போய்ப் பார்த்தோம். அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை போகலாம் என்றாள். அதற்குள் படத்தை எடுத்துவிட்டார்கள். “நல்ல படம்தானே, ஏன் எடுத்தார்கள்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வசூல் கணக்குப் பார்ப்பவர்கள்தான் சினிமாவைக் குதிரைப் பந்தயம் ஆக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபத்தில் எழுதவில்லை. உங்களிடம் கேட்கலாம் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது அதுதான்.

‘எலியோ’ 2025 ஜூன் 20 அன்று வெளியானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் மூன்று நாள் வசூல் ஏறத்தாழ 2.08 கோடி டாலர். அதைத் தயாரித்த பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு குறைவான தொடக்கம் இருந்ததில்லை. ஜூலை 2-ல் புதிய ஜுராசிக் படம் வந்தது, 11-ல் ‘சூப்பர்மேன்’ வந்தது. திரையரங்கில் இருப்பது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான திரைகள். புதிய படத்துக்கு நான்கு திரைகள் தேவை என்றால் ஏற்கெனவே ஓடும் ஏதோ ஒரு படம் அவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த முடிவை எடுப்பவர் கையில் முக்கியமாக இருப்பது வெள்ளி, சனி, ஞாயிறு வசூல்தான். மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: படம் நன்றாக இல்லை என்று யாரும் எடுக்கவில்லை. அந்த நாற்காலிகளுக்கு அடுத்த படம் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

கோல்ட்மனுக்கு வருகிறேன். அவருடைய வாக்கியத்தை எல்லோரும் எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். எந்தக் கதை படமாக வேண்டும், எது ஓடும் என்று உறுதியாகச் சொல்லிக்கொள்ளும் ஸ்டூடியோ மனிதர்களைப் பற்றி அவர் எழுதியது அது. படம் எழுத்தில் இருக்கும்போது யாருக்கும் எதுவும் தெரியாது என்பதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்வேன். வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நிலைமை வேறு. நேஷனல் ரிசர்ச் குரூப் என்ற நிறுவனம் 1978-லிருந்து இதையே தொழிலாகச் செய்துவருகிறது. மக்களிடம் கேட்கப்படும் கேள்விகள் எளியவை: இப்படி ஒரு படம் வருவது தெரியுமா, பார்க்க விருப்பம் உண்டா, ஒரே ஒரு படத்துக்குத்தான் போக முடியும் என்றால் இதற்குத்தானா? கடைசிக் கேள்விக்கான விடையைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். ‘தெரியும்’ என்பது விளம்பரச் செலவைக் காட்டும். ‘இதற்குத்தான்’ என்பது கிளம்பி வரப்போகிறவர்களைக் காட்டும். அதோடு முன்பதிவு, திரைகளின் எண்ணிக்கை, அதே தொடரின் முந்தைய படம் எப்படி முடிந்தது என்பதையெல்லாம் சேர்த்தால் முதல் மூன்று நாள் வசூலை ஓரளவு நெருங்கிச் சொல்லிவிடலாம்.

நாட்காட்டியும் பேசும். அமெரிக்கக் கோடைக் கணக்கு மே மாதத்தின் முதல் வெள்ளியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களான தொழிலாளர் தினத்தில் முடிகிறது. பள்ளிகள் மூடிய பிறகு வெளியாகும் படத்துக்குச் செவ்வாயும் புதனும்கூட வசூல் தரும். மே தொடக்கத்தில் வரும் படத்துக்கு அந்த வசதி கிடையாது. 2023 ஜூலை 12-ல் ‘மிஷன் இம்பாசிபிள்’ வரிசையின் ஏழாவது படம், கிட்டத்தட்ட 29 கோடி டாலர் செலவில் வந்தது. ஒன்பது நாள் கழித்து, 21-ஆம் தேதி ‘ஓப்பன்ஹைமர்’ வரவிருந்தது. ஐமேக்ஸ் எனப்படும் மிகப் பெரிய திரைகள் மூன்று வாரங்களுக்கு அந்தப் படத்துக்கே என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அதே நாளில் ‘பார்பி’யும் வந்தது. இரண்டாவது வாரத்தில் மிஷன் இம்பாசிபிள் தன் வசூலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. நல்ல விமர்சனங்கள் வந்த படம் அது. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்திருந்தால் ஜூன் மாதமே அந்தச் சரிவு கண்ணில் பட்டிருக்கும். இதைச் சொல்ல ஜோதிடம் தேவையில்லை.

கணிப்புகள் மேல்நோக்கியும் தவறும். ‘பார்பி’ முதல் மூன்று நாளில் 16.2 கோடி, ‘ஓப்பன்ஹைமர்’ 8.2 கோடி என்று வசூலித்தபோது இரண்டுமே எதிர்பார்ப்பைத் தாண்டியிருந்தன. 2024 மே மாதக் கடைசியில், போரில் இறந்த வீரர்களுக்கான அமெரிக்க நினைவு தின விடுமுறை வாரம் பல ஆண்டுகளில் காணாத அளவுக்கு மெலிந்துபோய், திரையரங்குகளின் காலமே முடிந்தது என்று பேசினார்கள். மூன்றே வாரத்தில் ‘இன்சைட் அவுட் 2’ வந்தது. 10 கோடியை எட்டினாலே பெரிது என்று நினைத்திருந்த படம் 15.4 கோடியோடு தொடங்கியது. கருத்துக்கணிப்பு தனி மனிதரைக் கேட்கிறது, திரையரங்குக்குக் குடும்பங்களும் தோழிகளின் கூட்டங்களும் சேர்ந்து வருகின்றன என்பதே இதற்கு நான் காணும் காரணம். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் படம் பார்க்க வெளியே வருபவரின் மனம் அந்தக் கேள்வித்தாளில் பதிவாவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் முதல் வாரம் பற்றியது. நான் இந்த வேலையைத் தொடர்ந்து செய்வதற்குக் காரணம் அதற்குப் பிறகு வரும் வாரங்கள்.

2023 ஜூன் 16 வெள்ளிக்கிழமை இரண்டு படங்கள் வெளியாயின. ஒன்று ‘தி ஃப்ளாஷ்’ என்ற சூப்பர் ஹீரோ படம். லாஸ் வேகஸில் திரையரங்கு உரிமையாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஏப்ரலிலேயே அதைத் திரையிட்டுக் காட்டி, பெரும் புகழ்ச்சியைக் கிளப்பியிருந்தார்கள். மற்றொன்று பிக்ஸாரின் ‘எலிமென்டல்’. பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் நிறைவுப் படமாகக் காட்டப்பட்டு, மிதமான விமர்சனங்களோடு திரும்பிய படம். ஞாயிறு காலை கணக்கு வந்தது: ஃப்ளாஷ் ஏறத்தாழ 5.5 கோடி, எலிமென்டல் 2.96 கோடி. இரண்டையும் தோல்வி என்றார்கள். எலிமென்டலுக்கு இன்னும் கடுமையான தீர்ப்பு. பிக்ஸாரின் காலம் முடிந்துவிட்டது என்றே எழுதினார்கள். நானும் அந்தக் கட்டுரைகளைத் தலையசைத்து வாசித்தேன்.

வெள்ளி இரவு பார்வையாளர்கள் கொடுத்திருந்த மதிப்பெண்ணை அன்று சிலரே பார்த்தார்கள். சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் படம் முடிந்து வெளியே வருபவர்களிடம் சீட்டைக் கொடுத்து மதிப்பெண் வாங்குகிறது. பணம் கொடுத்து, விரும்பி முதல் நாளே வந்தவர்கள் போடும் மதிப்பெண் என்பதால் பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும். ஃப்ளாஷுக்குக் கிடைத்தது ‘பி’. அந்த வகைப் படத்துக்கு அது எச்சரிக்கை. எலிமென்டலுக்கு ‘ஏ’. அடுத்த வாரம் ஃப்ளாஷின் வசூல் 70 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. எலிமென்டல் 40 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கி, இரண்டாவது வாரத்திலேயே ஃப்ளாஷை முந்தியது. ஜூலை முழுவதும் ஓடியது. வட அமெரிக்காவில் முடிவில் ஃப்ளாஷ் 10.8 கோடி, எலிமென்டல் 15.4 கோடி. ஃப்ளாஷ் தன் தொடக்கத்தைப்போல இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. எலிமென்டல் ஐந்து மடங்கைத் தாண்டியது. உலக அளவில் எலிமென்டலின் வசூல் கிட்டத்தட்ட 50 கோடி டாலர்.

முதல் வாரம் என்பது விளம்பரத்தின் வசூல். இரண்டாவது வாரத்திலிருந்துதான் படம் தானே சம்பாதிக்கத் தொடங்குகிறது. ‘டைட்டானிக்’ முதலில் 1997 ஜூலைக்கு வரவேண்டிய படம். டிசம்பருக்குத் தள்ளிப்போய், 2.86 கோடியோடு தொடங்கி, பதினைந்து வாரம் தொடர்ந்து முதலிடத்தில் நின்று 60 கோடியில் முடிந்தது. 1999 ஆகஸ்டில், பெரிய படங்களெல்லாம் ஓய்ந்த நேரத்தில் வந்த ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ தன் தொடக்கத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல் போனது. இவற்றின் முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் இந்த முடிவைச் சொல்லியிருக்க முடியாது.

குதிரைப் பந்தயம் எப்போது தொடங்கியது என்றும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் அமெரிக்காவில் பெரும்பாலான படங்கள் சில நகரங்களில் தொடங்கி, பேச்சு பரவப் பரவ ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. 1975 ஜூன் 20 அன்று ‘ஜாஸ்’ 409 திரையரங்குகளில் ஒரே நாளில் வந்தது. அதற்கு முன்பே தேசியத் தொலைக்காட்சியில் விளம்பரங்களைக் கொட்டியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து வென்றதால் எல்லோரும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டு கழித்து வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ வெறும் 32 திரையரங்குகளில் தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். இன்று பெரிய படம் என்றால் நாலாயிரம் திரையரங்குகள். பழைய ஒப்பந்தங்களில் முதல் வாரங்களில் ஸ்டூடியோவின் பங்கு அதிகம், நாள் செல்லச் செல்லத் திரையரங்கின் பங்கு கூடும். ஸ்டூடியோக்கள் முதல் வாரத்தின் மேல் இத்தனை பணத்தைக் கொட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று: ஞாயிறு காலை ஸ்டூடியோக்கள் அறிவிக்கும் எண்ணில் ஞாயிற்றுக்கிழமையின் வசூல் ஊகமே. உண்மைக் கணக்கு திங்கட்கிழமைதான் வரும். ஞாயிறு மாலைக் காட்சிக்கு ஒரு குடும்பம் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே படம் தோல்வி என்ற செய்தி வெளியாகிவிடுகிறது. இது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

அந்த வருத்தத்தில்தான் ‘எலியோ’ பற்றிய தவறையும் செய்தேன். எலிமென்டலை அவசரப்பட்டுப் புதைத்தவர்களோடு நானும் இருந்தேன் என்ற குற்றவுணர்வில், பிக்ஸார் படம் மெல்லத் தொடங்கினாலும் நின்று ஓடும் என்று ஒரே படத்திலிருந்து விதி செய்துகொண்டேன். முதல் சனிக்கிழமை படத்தைப் பார்த்தேன். எனக்கும் பிடித்தது. பிடித்ததால் ஓடும் என்று எழுதினேன். எனக்குப் பிடித்ததை ஊரின் கணக்கில் சேர்த்தது இரண்டாவது தவறு. பார்வையாளர்கள் அதற்கும் ‘ஏ’தான் கொடுத்தார்கள். தொடக்கத்தைப்போல மூன்றரை மடங்கு வசூலித்து 7.3 கோடியில் நின்றது. மூன்றரை மடங்கு நல்ல ஓட்டம்தான். தொடங்கிய இடம் மிகத் தாழ்வாக இருந்தது. 2002-ல் ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ 108 திரையரங்குகளில் தொடங்கி, ஒரு வாரம்கூட முதலிடத்துக்கு வராமலே 24 கோடி வசூலித்தது. அதற்கு வாரந்தோறும் திரைகள் கூடின. ஆயிரக்கணக்கான திரைகளில் வெளியாகிப் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும் படத்துக்கோ திரைகள் குறைந்துகொண்டே போகும். பிடித்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லி முடிப்பதற்குள் படம் வெளியே போய்விடும். உங்கள் மகளுக்கு நேர்ந்தது இதுதான்.

உங்கள் கடிதத்தில் ஒன்றை முழுமையாக ஏற்கிறேன். யாரும் பார்க்காத படத்தைப் பற்றி ‘விழும்’ என்று எழுத எனக்கு உரிமை இல்லை. இந்த ஆண்டு முன்பார்வையிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். மொத்த வசூல் என்று நான் போட்டிருந்த பத்தியையும் நீக்கிவிட்டேன். முதல் வார மதிப்பீடும் அதற்கான காரணமும் இருக்கும். மற்றதை ஒவ்வொரு படத்துக்கும் இரண்டாவது திங்கட்கிழமை, உண்மைக் கணக்கு வந்த பிறகு, படத்தையும் பார்த்துவிட்டு எழுதுவேன்.

இந்தக் கோடையில் மகளுக்கு ஏதாவது படம் பிடித்து, இன்னொரு முறை என்று கேட்டால், அந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளி விடுமுறைதானே, செவ்வாய்க்கிழமையானாலும் பரவாயில்லை. எந்தப் படம் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.