கட்-ஆஃப் இல்லாத ஊரில் கட்-ஆஃப் கேட்கும் தம்பிக்கு

"அக்கா, மகன் பத்தாம் வகுப்பு. சென்னையிலிருந்து டாலஸ் பக்கம் வந்து ஏழு மாதம் ஆகிறது. பள்ளி மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 3.9, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடியின் பயிற்சித் தேர்வில் 1480, ஆறு வருடம் மிருதங்கம், பள்ளி ரோபோட்டிக்ஸ் குழுவிலும் இருக்கிறான். எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது, தம்பி. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். நாங்கள் மூடவில்லை. மகள் பதினொன்றாவது படித்தபோது ஓர் ஆலோசகருக்கு 3,500 டாலர் தண்டம் அழுதோம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசி ஓர் எக்செல் தாள் கொடுத்தார். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எதிரே ஒரு சதவீதம். ஓரிடத்துக்கு 37% என்று இருந்தது. 35 இல்லை, 40 இல்லை, சரியாக 37! அந்த எண்ணைப் பார்த்துத்தான் நம்பிவிட்டோம். கடைசியில் அங்கே கிடைக்கவில்லை. சிவப்பில் 15% என்று போட்டிருந்த இடமோ காத்திருப்போர் பட்டியலில் வைத்தது.

நாம் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆக 200க்கு 196 என்றால் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடும் ஊரிலிருந்து வந்திருக்கிறோம். இங்கே அந்தப் பட்டியலே கிடையாது. மதிப்பெண் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே கூப்பிடுவது வேறு காரணங்களுக்காக.

ஹார்வர்டில் 2024-இல் சேர 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். 1,937 பேருக்கு இடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய 3.6%. நம் பையனுக்கும் நூற்றுக்கு மூன்றரை என்று இதை எடுத்துக்கொண்டால் தப்பு. அந்த 54,000 பேரில் கணித ஒலிம்பியாட் வரை போனவன் இருக்கிறான், பயிற்சியாளர் முன்பே பேசி வைத்த துடுப்புப் படகு வீரன் இருக்கிறான், அங்கேயே படித்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்த ஹார்வர்டு சேர்க்கை வழக்கில் வெளிவந்த விவரங்களின்படி, பழைய மாணவர்களின் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருந்தது. இவர்களையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். சிலருக்கு வாய்ப்பு நிஜமாகவே நிறைய. பலருக்கு கிட்டத்தட்ட இல்லை. சராசரி இரண்டு பேருக்குமே பொருந்தாது.

என் கணவர் இன்னொரு கணக்குப் போட்டார். ஓரிடத்தில் 5% என்றாலும் இருபது இடத்துக்குப் போட்டால் ஏதாவது ஒன்று கிடைக்க 64% வாய்ப்பு என்று மின்சார பில் உறைக்குப் பின்னால் எழுதிக் காட்டினார். காசு சுண்டுவதாக இருந்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால் இருபது இடத்துக்கும் போகப்போவது அதே மதிப்பெண், அதே ஆசிரியர் கடிதம், அதே கட்டுரை. ஓரிடத்தில் எது குறையாகப் பட்டதோ, அது மற்ற பத்தொன்பதிலும் குறையாகப் படத்தான் அதிக வாய்ப்பு. பதினான்கு இடம் போட்டோம். ஒன்பது மறுப்பு, இரண்டு காத்திருப்பு, மூன்று சேர்க்கை. மூன்றுமே டெக்சாஸுக்குள்.

சரி, நீங்கள் எழுதாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். விசா. நீங்கள் எச்1பி வேலை விசா, மகன் உங்களைச் சார்ந்து வந்த எச்4 விசா என்று நினைக்கிறேன். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத பிள்ளை டெக்சாஸ் பள்ளியில் படித்தாலும் எம்ஐடி கணக்கில் வெளிநாட்டு மாணவர்தான். இளநிலையில் வெளிநாட்டவர் பத்தில் ஒருவர் அளவுக்கே இருப்பார்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஒலிம்பியாட் பதக்கத்தோடு வருகிறவர்களுடன் அந்த வரிசையில் உங்கள் மகன் நிற்க வேண்டியிருக்கும். எம்ஐடியாவது வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் வீட்டு வசதி பார்க்காமல் தேர்ந்தெடுக்கிறது, தேவையான உதவித்தொகையும் கொடுக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால், கேட்டதையும் சேர்த்துத்தான் எடைபோடுவார்கள். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா எச்4 பிள்ளைகளுக்குக் கிடையாது. எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடியில் எவ்வளவு வாங்கினாலும், அதை வைத்துத் தரும் நேஷனல் மெரிட் உதவித்தொகையும் கிடையாது. மகள் தேர்வு எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே காரில் ஏறிய பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. இருபத்தொரு வயதில் எச்4 முடிந்துவிடும், எஃப்1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அதையும் இப்போதே குறித்து வையுங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் வந்து இறங்கியிருக்கும் மாநிலத்தில் வேறு ஒரு கதவு இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தைகூட இல்லை. டெக்சாஸில் 1997-இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளி வகுப்பில் முதல் 10% ரேங்கில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் கூட்டம் தாங்காமல் அதை 6% ஆகக் குறைத்து வைத்திருந்தார்கள். 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 5%. கட்-ஆஃப் என்று நீங்கள் தேடும் சாமான் இந்த நாட்டில் எங்காவது இருக்கிறது என்றால் அது இதுதான்.

ஆனால் 600 பேர் வகுப்பில் 5% என்றால் 30 பேர். டாலஸ் பக்கத்துப் பிளேனோ, ஃபிரிஸ்கோ, கொப்பெல் பள்ளிகளில் அந்த 30 பேரில் பாதிப் பெயர்கள் நம் வாயில் தடுமாறாமல் வரும். கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி வகுப்புகளுக்குக் கூடுதல் எடை உண்டு, அதனால் 3.9 என்பது எடை சேர்த்ததா சேர்க்காததா என்று தெரியாமல் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சென்னையில் படித்த ஒன்பதாம் வகுப்பை ரேங்குக்கு எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஆஸ்டின் பார்ப்பது பதினொன்றாம் வகுப்பு முடிவில் இருக்கும் ரேங்க். ஆக, அவனுக்கு இன்னும் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கிறது. இன்னொன்று, தானாக இடம் என்பது பல்கலைக்கழகத்துக்குத்தான், பிரிவுக்கு இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டால் அதற்கு மறுபடி ஒரு போட்டி. மாநிலத்தவர் கட்டணத்துக்கும் வெளிமாநிலத்தவர் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசமோ நான்கு வருடத்தில் ஒரு சின்ன வீட்டுக்கான முன்பணம் அளவுக்குப் போகும்.

அப்புறம் மிருதங்கம், ரோபோட்டிக்ஸ். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் காமன் டேட்டா செட் என்று ஒன்று வெளியிடும். அதில் சி7 என்ற பகுதியில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்று கட்டம் போட்டு டிக் அடித்திருப்பார்கள். எம்ஐடி பல வருடங்களாக 'மிக முக்கியம்' என்ற கட்டத்தில் வைத்திருப்பது மாணவரின் குணத்தை. மதிப்பெண் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். குணத்தை எப்படி அளப்பார்கள் என்று எனக்கும் எரிச்சல்தான் வந்தது. ஆனால் எம்ஐடி நீங்கலாகப் பல இடங்களுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தைப் பாருங்கள்: செயல்பாடுகளுக்குப் பத்து வரிகள், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துகள், பிறகு 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை. பத்து வரியையும் நிரப்ப அவனைச் சனிக்கிழமை அபாகஸ், ஞாயிற்றுக்கிழமை கராத்தே என்று விரட்டாதீர்கள். அவன் சொல்லாமலே செய்வது எது என்று பாருங்கள்.

மகள் முதலில் அரங்கேற்றத்தைப் பற்றித்தான் கட்டுரை எழுதினாள். சலங்கை, வியர்வை, குருவின் கண்ணீர், எல்லாம் இருந்தது. படித்த அவளுடைய ஆங்கில ஆசிரியை, இந்த வருடம் இது எனக்கு நான்காவது சலங்கை என்றார். அழுதுவிட்டு வேறு எழுதினாள். என் மாமியார் கண் மருத்துவரிடம் "கண்ணுல பூச்சி பறக்குது" என்றதை அவள் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவைக்க, மருத்துவர் நிஜமாகவே பூச்சி தேடிய கதை. அதன்பின் பாட்டி சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த தடவைக்கு முன் சரியான வார்த்தை தேடி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். தலை கிர்ருங்குது, கால் மதமதங்குது, நெஞ்சு கரிக்குது. அந்த நோட்டுதான் கட்டுரை ஆயிற்று. அதற்கும் ஒன்பது இடம் மறுப்புத்தான் சொன்னார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் சேர்ந்த இடத்தின் ஆனர்ஸ் நேர்காணலில் அவளிடம் அந்த நோட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள்.

எம்ஐடிக்குப் போடட்டும், தடுக்காதீர்கள். பட்டியலில் அது முதல் வரியாக வேண்டாம். அவன் சந்தோஷமாகப் போகக்கூடிய, நீங்கள் கடன் இல்லாமல் கட்டக்கூடிய இரண்டு இடங்களை முதலில் எழுதிவிட்டு மேலே போங்கள்.

ரேங்க் விதியை இந்த வாரமே பள்ளிக் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகரிடம்) கேட்டுவிட வேண்டும். நீங்கள் மின்னஞ்சல் எழுதாதீர்கள், அவனையே எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும்போது அவனுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது அந்தக் கவுன்சிலர்தான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டியது அவன் பெயர், உங்களுடையது இல்லை.