பள்ளி திறக்கிற மாதம் வந்தாலே கார்டைத் தேய்க்கிறோம்: இந்தச் சுழலை எப்படி நிறுத்துவது?

கேள்வி: இருவரும் வேலைக்குப் போகிறோம், சம்பளம் ஏறக்குறைய சமம். மகளுக்கு 6 வயது, பள்ளியில் படிக்கிறாள். மகனுக்கு 2 வயது, காப்பகத்தில் விடுகிறோம். இருவர் சம்பளத்தையும் சேர்த்து 100 என்று வைத்துச் சொல்கிறேன். வாடகை, மளிகை, காப்பகம், போக்குவரத்து, மகனின் டயப்பர் (இதற்கு மட்டும் 3) எல்லாம் சேர்ந்து மாதம் 84. மீதி 16 கையில் நிற்க வேண்டும், நிற்பதில்லை. பள்ளி திறக்கும்போது 48 கேட்கிறது, அதில் கட்டணம் 30. மழையில் மருத்துவர், வெயிலில் மின்சார பில், நீண்ட விடுமுறையில் மகளுக்குப் பகல்நேர முகாம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. போன முறை பள்ளி திறந்தபோது கிரெடிட் கார்டில் 24 எடுத்தோம். மாதம் 4 வீதம் கட்டி முடிக்க ஏழு மாதம் ஆனது. மூன்றாம் பருவக் கட்டணம் 18-ஐ இப்போதுதான் கட்டினோம். நான்காவது சம்பளம் வரும் மாதத்தில் பள்ளி திறந்துவிடும். சேமிப்பு எதுவும் இல்லை. மறுபடியும் கார்டுதானா? மாதாமாதம் ஏதாவது ஃபண்டில் போட்டு வந்தால் சரியாகுமா?

பதில்: முதலில் கார்டுக் கணக்கை முடித்துவிடுவோம். வட்டி மாதம் 3 சதவீதம் என்று கொண்டால், 24-ஐ மாதம் 4 வீதம் அடைக்க ஏழு தவணை. மொத்தம் கட்டியது ஏறக்குறைய 26.9. வட்டி 3-க்குச் சற்றுக் குறைவு. இது மட்டும் பெரிய நஷ்டமில்லை. அந்த ஏழு மாதமும் அடுத்த செலவுக்கு ஒன்றும் சேரவில்லை என்பதுதான் நஷ்டம். பள்ளி திறப்பின் கடன் தீர்வதற்குள் மழைச் செலவு வந்தது, பின்னாலேயே பருவக் கட்டணம் வந்தது.

நீங்கள் எழுதியதில் எதிர்பாராத செலவு ஒன்றுகூட இல்லை. மழை வரும், மகள் இருமுவாள், பள்ளி திறக்கும், விடுமுறை விடும். சின்னக் குழந்தைகளுக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். காப்பகம் போகிற பிள்ளைக்கு இன்னும் கூடும். தேதி தெரியாது, ஆனால் வருவது உறுதி. அதனால் இவற்றை அவசரச் செலவில் சேர்க்காமல், தனியாக ஒரு பருவக் கணக்கு வையுங்கள்.

கடந்த ஓராண்டு பேங்க் அறிக்கையையும் கார்டு அறிக்கையையும் எடுத்து, மாதச் செலவான 84-க்குள் வராத ஒவ்வொரு வரியையும் வட்டமிடுங்கள். பள்ளி திறப்பதை 1-ஆம் மாதமாகக் கொண்டு அந்தந்த மாதத்தின் கீழ் எழுதுங்கள். பணம் வெளியே போகும் மாதத்தைத்தான் எழுத வேண்டும். வெயில் மாதத்து மின்சாரத்துக்கு பில் அடுத்த சுற்றில்தான் வரும் என்றால், எழுத வேண்டியது பில் கட்டும் மாதம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

நீங்கள் சொன்ன எண்களை வைத்தும், சொல்லாத இடங்களில் மிதமாக ஊகித்தும் நான் போட்ட அட்டவணை இது. ஊகித்த இடங்களில் உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

1-ஆம் மாதம்: 48
2, 3: ஒன்றுமில்லை
4: மழைக்கால மருத்துவம், மழைக்கோட்டு, 5
5: மழை 5, இரண்டாம் பருவக் கட்டணம் 18
6: மழை 5
7: குளிருக்கான உடை, போர்வை, 6
8: பிறந்தநாள்கள், 4
9: மூன்றாம் பருவக் கட்டணம் 18
10: கூடுதல் மின்சாரம் 4
11: மின்சாரம் 4, முகாம் 10
12: மின்சாரம் 4, முகாம் 13

மொத்தம் 144. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 12. உங்கள் கையில் நிற்க வேண்டியதோ 16. அதாவது உங்கள் வருமானம் இந்தக் குடும்பத்துக்குப் போதும், மாதம் 4 மிச்சமும் உண்டு. கிடைக்கும் நாளும் கொடுக்க வேண்டிய நாளும் பொருந்தாததுதான் சிக்கல்.

சராசரி பார்த்து மாதம் 12 எடுத்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து இதே 12 தப்பிக்கவும் வைக்கும், தள்ளியும் விடும். பள்ளிச் செலவு முடிந்த 2-ஆம் மாதத்தில் தொடங்கினால் இருப்பு ஒருமுறைகூடப் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அடுத்த பள்ளி திறப்பில் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்கும். 1-ஆம் மாதத்திலேயே தொடங்கினால் முதல் நாளே 36 பள்ளம். நீங்கள் தொடங்கப்போவது 10-ஆம் மாதம். 10 முடிவில் 8, 11 முடிவில் 6, 12 முடிவில் 1, பள்ளி திறந்ததும் 35 பள்ளம். மாதாமாதம் 12 போட்டும் கார்டை எடுக்க வேண்டி வரும். "சேமிச்சுப் பார்த்தோம், ஒண்ணும் நடக்கல" என்று அந்தக் கணக்கையே மூடிவிடுவீர்கள். எந்தப் பருவச் சேமிப்பிலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த மிக ஆழமான பள்ளத்தைத்தான். ஒவ்வொரு மாதமும் போட்டதைக் கூட்டி, செலவைக் கழித்து, கூடவே எழுதிக்கொண்டு போனால் அது தானாகத் தெரியும்.

இந்த 35-ஐ நிரப்பும் வழியைப் பார்ப்போம்.

மிச்சமாகும் 4-ஐயும் சேர்த்து மாதம் 16-ஆகப் போடுங்கள். நான்கு சம்பளத்தில் கூடுதலாக 16 சேரும். பள்ளம் 19 ஆகும். அடுத்து பள்ளிக்குப் போய், 30 கட்டணத்தில் பாதியைப் பள்ளி திறக்கும்போதும் பாதியை 3-ஆம் மாதத்திலும் கட்டுவதாகக் கேளுங்கள். கடைசித் தேதிக்கு முந்திய வாரம் போய் நின்றால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இப்போதே, எழுத்தில், தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள். அது கிடைத்தால் பள்ளம் 4-க்கு வந்துவிடும்.

பள்ளி நேரடியாகத் தவணை கொடுப்பதும், இடையில் ஒரு கடன் நிறுவனத்தைக் காட்டிவிடுவதும் ஒன்றல்ல. வட்டியில்லாத மூன்று தவணை, 3 சதவீதம் மட்டும் பிராசஸிங் கட்டணம் என்பார்கள். ஒவ்வொரு மாதமும் மூன்றில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடுவதால், முழுத் தொகை சராசரியாக இரண்டு மாதம்தான் உங்களிடம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். கார்டைவிடக் குறைவு, ஆனால் "வட்டியில்லாத" என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

மீதி 4-க்கு முகாமைக் குறைக்கலாம் என்று தோன்றும். எட்டு வார முகாமுக்கு 23 என்றால் ஒன்றரை வாரம் குறைத்தால் 4 மிஞ்சும்; ஆளுக்கு நாலு நாள் விடுப்புப் போட்டால் போதும் என்று கணக்குப் போடுவீர்கள். வேண்டாம். எட்டு நாள் விடுப்புக்கு நீங்கள் மிச்சம் பிடிப்பது நாளொன்றுக்கு 0.5 தான். மழையில் மகன் காய்ச்சலில் கிடக்கும்போது விடுப்பு தீர்ந்திருந்தால் சம்பளம் பிடிப்பார்கள். ஒருவர் சம்பளம் 50, வேலை நாள் 22 என்றால் ஒரு நாளுக்குப் போவது 2.3. இரண்டு நாள் பிடித்தாலே அந்த மாதத்து மழை ஒதுக்கீடு 5 ஏறக்குறைய காலி. பருவ அட்டவணையில் பணத்துக்கு ஒரு பத்தி இருப்பதுபோல விடுப்புக்கும் ஒரு பத்தி போடுங்கள்; 4, 5, 6-ஆம் மாதங்களுக்கு ஆளுக்கு மூன்று நாளாவது தொடாமல் இருக்கட்டும். ஒரே ஆள் எல்லா நாளையும் போட்டுத் தீர்க்காமல் மாறி மாறிப் போடுங்கள்.

அந்த 4-ஐ எடுக்க வேண்டிய இடம் 48-க்குள்ளேயே இருக்கிறது. கட்டணம் போக 18 என்பது புத்தகம், யூனிஃபார்ம், ஷூ, பை. பள்ளி திறக்கும்போதே நாலு செட் யூனிஃபார்ம் எதற்கு? இரண்டு செட் வாங்கி, மற்றதை 4-ஆம் மாதத்துக்குத் தள்ளுங்கள். ஆறு வயதில் பிள்ளை ஆண்டுக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயர்கிறது. மூன்று மாதம் கழித்து எடுப்பது பொருத்தமாகவும் இருக்கும். பை கிழியாமல் இருந்தால் பழையதே போகட்டும்.

இப்படிச் செய்தால் பள்ளி திறக்கும் மாதத்தில் இருப்பு சரியாகப் பூஜ்யம். கார்டு வெளியே வராது. ஒரு நிபந்தனை: கட்டணத்தின் கடைசித் தேதி சம்பள நாளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் விழுந்தால் அந்த மாதத்து 16 கைக்கு வந்திருக்காது. தேதியை இன்றே பாருங்கள். தேவையென்றால் பத்து நாள் அவகாசத்தையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

அதன்பின் இருப்பு தானாக ஏறும்: 2-ஆம் மாதம் 16, மீதிக் கட்டணம் கட்டிய பின் 17, மீதி யூனிஃபார்ம் எடுத்த பின் 24, இரண்டாம் பருவம் கட்டிய பின் 17, மழை முடியும்போது 28. 7-ஆம் மாதத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். அடுத்த ஆண்டுச் செலவு பத்து சதவீதம் கூடும் என்று வைத்தால் 144 என்பது 158 ஆகும், மாதம் 13.2. கொஞ்சம் இடம் விட்டு 13.5 போடுங்கள். மீதி 2.5 வேறொரு கணக்குக்கு, அதைப் பிறகு சொல்கிறேன்.

10, 11-ஆம் மாதங்களில்தான் ஆபத்து. கணக்கைத் திறந்தால் 40-க்கு மேல் நிற்கும். "இவ்வளவு கிடக்குதே, ஃபிரிட்ஜை மாத்திடலாமா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அது ஏற்கெனவே பள்ளிக்குச் சொன்ன பணம். அதனால் இந்தக் கணக்கு சம்பளக் கணக்கு இருக்கும் பேங்க்கிலேயே இருந்தாலும் டெபிட் கார்டு இல்லாமல், போனில் பணம் அனுப்பும் செயலிகளோடு இணைக்காமல் இருக்கட்டும். சம்பளம் விழுந்த மறுநாளே தானாக மாறும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால், இதுவரை மிஞ்சியது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

ஃபண்டைப் பற்றிக் கேட்டீர்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் தேதி குறித்துச் செலவாகும் பணத்தைச் சந்தை சார்ந்த எதிலும் போடாதீர்கள். ஏறினால் கிடைப்பது சில்லறை. பள்ளி திறக்கிற வாரத்தில் பத்து சதவீதம் இறங்கியிருந்தால் மறுபடி கார்டு. சேமிப்புக் கணக்கு போதும். 7-ஆம் மாதத்துக்குப் பின் ஒரு பகுதியை, பள்ளி திறப்பதற்கு முந்தைய மாதம் முதிரும்படி குறித்த கால வைப்பில் போடலாம். முன்கூட்டி உடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பருவம் முடிகிறபோது வரும் தள்ளுபடியில் அடுத்த ஆண்டுக்கு வாங்கி வைக்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் எல்லாப் பொருளுக்கும் அல்ல. உயரத்தை வைத்து அளவு போடும் பிள்ளை உடைகளில் 104, 110, 116 என்று ஆறு ஆறு சென்டிமீட்டராக ஏறும். மகளுக்கு ஓர் அளவு பெரிய மழைக்கோட்டை இப்போதே எடுத்து வைக்கலாம். மகன் அவளைவிட வேகமாக வளரும் வயதில் இருக்கிறான், அவனுக்கு ஊகம் தப்பும். ஷூவை யாருக்கும் முன்கூட்டி வாங்காதீர்கள். டயப்பரும் அப்படித்தான்: நாளைக்கு 5 வீதம் மாதம் 150 செலவாகும்போது பெரிய மூட்டை மலிவாகத் தெரியும், ஆனால் அடுத்த அளவுக்குப் போகும் எடையை நெருங்கியிருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம். தொடையில் ஒட்டுப்பட்டை தடம் பதிக்கிறது என்றால் அந்த அளவு முடிந்தது. பிரித்த மூட்டையைக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள்.

இனி அந்த 2.5. உங்கள் வீட்டின் உண்மையான பலவீனம் பள்ளி திறப்பு அல்ல, அவசரநிதி இல்லாததுதான். ஒருவர் வேலை நின்றால் அடுத்த மாதம் 50 வரும், 84 போகும். மூன்று மாதச் செலவு என்பது 252, 2.5 வீதம் சேர்த்தால் எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே முதல் இலக்கு ஒரு மாதச் செலவு, 84. மகன் டயப்பரை விடும் நாளில் விடுபடும் 3-ஐ அன்றே இதோடு சேருங்கள். துணி சீக்கிரம் காயும் வெயில் மாதங்களில் பழக்கினால் துவைக்கிற வேலையாவது குறையும். அவன் தயாரா என்பதை அவன்தான் முடிவு செய்வான். மாதம் 5.5 ஆனால் 84 சேர ஏறக்குறைய பதினைந்து மாதம். அவன் காப்பகத்திலிருந்து பள்ளிக்கு மாறும்போது மாதக் கட்டணம் ஒன்று நின்று, அட்டவணையின் 1, 5, 9-ஆம் மாதங்களில் புதிய வரிகள் ஏறும். அந்த ஆண்டு 48 என்பது 48-ஆக இருக்காது. அதற்கு ஓராண்டு முன்பே அட்டவணையைத் திரும்பப் போட்டு, பள்ளம் எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள்.