பாமாயில் வரி இறங்கினால் கடலை எண்ணெய்க்கு என்ன ஆகும்?

கேள்வி: 2025 மே கடைசியில் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு இறக்குமதி வரியைக் குறைத்தார்கள். பாக்கெட் விலை ஏன் உடனே இறங்கவில்லை? மரச்செக்கு நடத்தும் எனக்கு அடி விழுமா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: குறைத்தது இன்னும் சுத்திகரிக்காத கச்சா சமையல் எண்ணெய்க்கான வரியை மட்டும். 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக ஏற்றிய அடிப்படைச் சுங்க வரி 10 ஆனது. அதோடு வேளாண் செஸ் 5 சேரும். இரண்டின் கூட்டுத்தொகையில் பத்தில் ஒரு பங்கு சமூகநல வரி. ஆக, 27.5 சதவீதம் 16.5 ஆனது. டன் மதிப்பு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 11,000 ரூபாய் மிச்சம். ஒரு லிட்டர் பாமாயில் சுமார் 910 கிராம். அப்படியானால் லிட்டருக்குப் பத்து ரூபாய்.

அந்தப் பத்தும் கடைக்கு வந்து சேராது. பாமாயிலை அதிகம் வாங்கும் நாடு நாம். நாம் வரியை இறக்கினால் இந்தோனேசியா, மலேசியாவில் விலையை ஏற்றப் பார்ப்பார்கள். பழைய வரி கட்டி எடுத்த சரக்கும் தீர வேண்டும். இறக்கிய பிறகு வரி கட்டாமல் பாண்டு கிடங்கில் (சுங்கத்துறைக் கண்காணிப்பிலுள்ள கிடங்கில்) வைத்த சரக்குக்கோ, வெளியே எடுக்கப் பத்திரம் போடும் நாளின் வரிதான். அதனால் வரி குறையும் என்ற பேச்சு கிளம்பினாலே சரக்கைக் கிடங்கிலேயே நிறுத்திவிடுவார்கள். சந்தையில் தட்டுப்பாடு வரும்.

ருசிக்காகச் செக்கு எண்ணெய் வாங்கும் வீடுகள் பாமாயிலுக்குப் போகாது. முறுக்கு, மிக்சர் போடுபவர்களும் ஓட்டல்காரர்களும்தான் விலை பார்த்து மாறுவார்கள். உங்கள் விற்பனையில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று முதலில் கணக்குப் பாருங்கள். லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டுகிறீர்கள். பாமாயில் மலிவால் பருப்பு விலையும் இறங்கினால் உங்கள் அடக்கமும் இறங்கும். ஆனால் அந்த விலை கட்டாமல் விவசாயி அடுத்த பட்டத்தில் கடலையை விட்டுவிட்டால், பருப்புக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். எனக்குக் கவலை அதில்தான்.

கேள்வி: ரீஃபைன்ட் எண்ணெய் வரியை ஏன் தொடவில்லை? (வாசகர், சென்னை)

பதில்: அது 35.75 சதவீதத்திலேயே நிற்கிறது. கச்சாவுக்கும் அதற்கும் இருந்த இடைவெளி 8.25 புள்ளி, இப்போது 19.25. இடைவெளி குறுகலாக இருந்தபோது பாமோலினை (பாமாயிலின் திரவப் பகுதியை) சுத்திகரித்தபடியே இறக்கிப் பாக்கெட் போடுவது லாபமாக இருந்தது, இங்குள்ள ஆலைகளுக்கு வேலை குறைந்தது. இப்போது கச்சாவை இறக்கி இங்கே சுத்திகரிப்பதுதான் கட்டும். ஓர் ஓட்டை மிச்சம்: தெற்காசியச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தப்படி நேபாளத்திலிருந்து ரீஃபைன்ட் எண்ணெய் சுங்க வரியின்றி வரலாம். அந்தப் போட்டி எல்லையை ஒட்டிய வட, கிழக்கு மாநில ஆலைகளுக்குத்தான் முதலில் உறைக்கும்.